வண்டியை விற்று மூன்று வருடம், பெயர் மட்டும் மாறவில்லை: ஒரு மகளிர் உரிமைத் தொகை மனுவின் கதை

எங்கள் தாலுகாவில் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளின் பெற்றோர் சிலர் மாதம் ஒருமுறை கூடுவோம். சான்றிதழ் புதுப்பிப்பது, மனு எழுதுவது, எந்த ஆபீஸில் எந்த நாளில் யார் இருப்பார்கள் என்று சொல்லி அனுப்புவது, இந்த வேலைகளை நான் பார்க்கிறேன். இங்கே எழுதியிருப்பது அப்படிக் கையில் எடுத்த ஒரு மனு. 2023 ஜூலையில் தொடங்கி 2025 டிசம்பரில்தான் முடிந்தது. அந்தக் குடும்பத்திடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பெயர், ஊர் இரண்டும் இல்லை, அடையாளம் காட்டிவிடும் ஓரிரு விவரங்களை மாற்றியிருக்கிறேன். இதே இடத்தில் சிக்கிக்கொண்டு நிற்கிற குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பின்னணி

வீட்டில் நான்கு பேர். கணவர் லோடுமேன், வேலை கிடைக்கிற நாளில் 600 ரூபாய், மாதத்தில் 18 முதல் 20 நாள் ஓடும். அவருடைய அம்மாவுக்கு முதியோர் உதவித்தொகை வருகிறது. மகனுக்கு அப்போது 16 வயது, பிறந்ததிலிருந்தே மூளை முடக்குவாதம், கூடவே அறிவுசார் குறைபாடும் உண்டு. தானாக உட்கார முடியாது, சோறு ஊட்ட வேண்டும், இரவில் இரண்டு தடவையாவது திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். இதையெல்லாம் செய்வது அவனுடைய அம்மா. அவருக்கு வயது 39. முன்பு நூறு நாள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். பையன் வளர வளர மாமியாரால் அவனைத் தூக்க முடியாமல் போனது, அதோடு அந்த வேலையும் நின்றுவிட்டது.

பையனுக்கு மாற்றுத்திறனாளிகள் நலத் துறையின் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2000 ரூபாய் வந்துகொண்டிருந்தது. அது அவனுடைய குறைபாட்டைப் பார்த்துத் தரப்படும் பணம், அவன் பேரில் வருகிறது, அவன் மருந்துக்கும் டயபருக்கும் போய்விடுகிறது. பகலில் அவனுக்கு அம்மா பழைய வேட்டித் துணிதான் கட்டுவார், ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் போகிற நாளுக்கென்று மட்டும் டயபரை எண்ணி எடுத்து வைத்திருப்பார். நாள் முழுக்க அவனோடு கிடக்கிற அம்மாவுக்கென்று ஒரு ரூபாய் கிடையாது.

அந்த நேரத்தில்தான் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை அறிவிப்பு வந்தது. தகுதியுள்ள குடும்பத் தலைவிக்கு மாதம் 1000 ரூபாய். 21 வயது நிரம்பியிருக்க வேண்டும், குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குக் கீழே, நன்செய் என்றால் 5 ஏக்கர், புன்செய் என்றால் 10 ஏக்கருக்கு மேல் போகக் கூடாது, வீட்டு மின்சாரம் வருடத்துக்கு 3600 யூனிட்டுக்குள். வருமானச் சான்றோ நிலப் பத்திரமோ மனுவோடு கொடுக்க வேண்டாம், அரசே தன்னிடம் இருக்கிற தரவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளும் என்றார்கள். ஏழைகளுக்கு இது பெரிய நிம்மதி, வருமானச் சான்றுக்காக அலைகிற அலைச்சல் மிச்சம். ஆனால் இந்தக் கதையில் எங்களைக் கவிழ்த்ததும் அந்த ஒப்பிடுதல்தான்.

முதல் சுற்றில் விண்ணப்பிக்காமலே விட்டது

2023 ஜூலையில் டோக்கனும் விண்ணப்பமும் கொடுத்துக்கொண்டிருந்தபோது அந்த அம்மாவும் வரிசையில் நின்றிருக்கிறார். அங்கே உதவிக்கு இருந்த ஒருவர் கார்டைப் பார்த்துவிட்டு, "உங்க வீட்ல ஏற்கனவே ரெண்டு பேர் கவர்மென்ட் பணம் வாங்குறீங்க, உங்களுக்குக் கிடையாதும்மா" என்று சொல்ல, இவர் திரும்பி வந்துவிட்டார். யாரிடமும் கேட்கவில்லை, எனக்கும் சொல்லவில்லை. அடுத்த மாதக் கூட்டத்தில் வேறு ஒரு பேச்சுக்கு நடுவே தற்செயலாகத்தான் இது தெரிந்தது.

வரிசையில் அந்த உதவியாளர் சொன்னதில் பாதிதான் சரி. முதியோர், விதவை ஓய்வூதியம் போன்ற சமூகப் பாதுகாப்புத் தொகை பெறும் குடும்பங்கள் தகுதியில்லை என்று தொடக்க விதியில் இருந்தது உண்மைதான். ஆனால் கடும் குறைபாடுள்ள மாற்றுத்திறனாளி இருக்கிற குடும்பம் மற்ற நிபந்தனைகளில் தேறினால் விண்ணப்பிக்கலாம் என்ற விலக்கு முதலிலிருந்தே அதே விதியில் இருந்தது. அதாவது மகனுடைய 2000 ரூபாய் தடையே இல்லை. மாமியாரின் பணம்தான் தடை. அதுவும் ஆகஸ்டில் தளர்ந்தது. முதியோர் ஓய்வூதியம் பெறுகிறவர் வீட்டில் இருந்தாலும், ஓய்வூதியம் வாங்காத தகுதியான பெண் விண்ணப்பிக்கலாம் என்று அறிவித்து, அவர்களுக்காக ஆகஸ்ட் 18, 19, 20 தேதிகளில் சிறப்பு முகாம் வைத்தார்கள்.

வாய் வார்த்தையில் ஒருவரைத் திருப்பி அனுப்பினால் அது எந்தப் பதிவிலும் ஏறாது. அவர் நிராகரிக்கப்பட்டவரும் இல்லை, விண்ணப்பித்தவரும் இல்லை. எதை எதிர்த்து மேல்முறையீடு செய்வது? அதனால் அன்றிலிருந்து எல்லாப் பெற்றோரிடமும் ஒன்றைத்தான் சொல்கிறேன். கிடைக்காது என்று யார் சொன்னாலும் மனுவைக் கொடுத்துவிட்டு வாருங்கள், "இல்லை" என்பது எழுத்தில் வரட்டும்.

ஆகஸ்ட் முகாம்

முகாமுக்கு முந்தின நாள் சாயங்காலம் அவர்கள் வீட்டுக்குப் போய் ஒவ்வொன்றாகக் கேட்டேன். கரண்ட் பில் ஆறையும் தேடி எடுத்தோம், இரண்டு மாதத்துக்கு ஒன்று என்று வருடத்துக்கு ஆறு. கூட்டினால் 2140 யூனிட் வந்தது, 3600 என்ற கோட்டுக்கு வெகு கீழே. நிலம் இல்லை. கூலி வருமானம் எப்படிப் போட்டாலும் ஒன்றரை லட்சத்தைத் தாண்டவில்லை. குடும்ப அட்டையில் கணவர்தான் குடும்பத் தலைவர், அப்படியிருந்தால் மனைவியைக் குடும்பத் தலைவியாக எடுத்துக்கொள்வார்கள் என்பதால் அதிலும் பிரச்சினையில்லை. ஆதாரோடு வங்கிக் கணக்கு இணைந்திருக்கிறதா என்று பார்த்தோம், இணைந்திருந்தது.

நான்கு சக்கர வாகனம் இருந்தாலும் தகுதியில்லை என்பதால் கடைசியாக, "கார், ஜீப், டிராக்டர் ஏதாவது இருக்காம்மா?" என்று கேட்டேன். சிரித்துவிட்டு "சைக்கிளே பஞ்சராகிக் கிடக்குது அக்கா" என்றார். நானும் எழுதிக்கொண்டேன்: வாகனம் இல்லை.

நான் தவறிய இடம் இது. என் கேள்வியே தவறு. இருக்கிறதா என்று கேட்டேன். எப்போதாவது உங்கள் பேரிலோ வீட்டுக்காரர் பேரிலோ இருந்ததா என்று கேட்டிருக்க வேண்டும்.

நிராகரிப்பு

செப்டம்பர் 15ஆம் தேதி காஞ்சிபுரத்தில் திட்டம் தொடங்கியது. தெருவில் மற்ற பெண்களுக்குப் பணம் ஏறிவிட்டது, இவருக்கு ஏறவில்லை. கிடைக்காதவர்களுக்குக் காரணத்தைக் குறுஞ்செய்தியில் சொல்வோம் என்று அரசு அறிவித்திருந்தது, 18ஆம் தேதியிலிருந்து அவை வரத் தொடங்கின. இவருக்கு வந்ததில் இருந்த காரணம்: குடும்பத்தில் நான்கு சக்கர வாகனம்.

முதலில் யாருக்கும் புரியவில்லை. ஆதார் எண் ஏதோ குழப்பமாகிவிட்டது என்றே நானும் நினைத்தேன். அன்று இரவு கணவர் வேலை முடிந்து வந்து, செய்தியைப் படிக்கக் கேட்டு, கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்த ஆம்னியா இருக்குமோ" என்றார்.

2016இல் ஒரு பழைய மாருதி ஆம்னி வாங்கியிருக்கிறார்கள். 2009 மாடல், விலை 65,000 ரூபாய், பாதி கடன். வாங்கிய காரணம் பையன்தான். வாரம் இரண்டு நாள் பிசியோதெரபிக்கு 22 கிலோமீட்டர் போக வேண்டும், இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு பஸ்ஸில் நின்றே போய் வந்ததில் அந்த அம்மாவின் முதுகு போய்விட்டது. ஆம்னியின் பின் சீட்டைக் கழற்றிவிட்டு மெத்தை போட்டு அவனைப் படுக்க வைத்துக் கூட்டிப் போவார்களாம். 2020 ஊரடங்கில் லோடு வேலை நின்றது, வாடகை பாக்கி ஏறியது, நவம்பரில் வண்டியை 38,000 ரூபாய்க்கு ஒரு புரோக்கர் மூலமாக விற்றுவிட்டார்கள். வண்டியின் பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்துப் போட்டு ஆர்.சி. புத்தகத்தோடு கொடுத்தாயிற்று. "பேர் மாத்திக்கிறோம்ணே" என்று சொல்லிப் போனவர்கள் மாற்றவே இல்லை.

பழைய வண்டி நம்பர் அவர் செல்போனில் ஒரு போட்டோவில் இருந்தது, வண்டியின் முன்னால் பையனைத் தோளில் வைத்துக்கொண்டு எடுத்த படம். அந்த நம்பரை, வண்டிப் பதிவு விவரம் காட்டுகிற அரசின் பரிவாகன் தளத்தில் போட்டுப் பார்த்தோம். முழுப் பெயர் காட்டாது, நடுவில் நட்சத்திரக் குறிகள் வரும். முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் அவருடையவைதான். இன்சூரன்ஸ் காலாவதி ஆகி இரண்டு வருடம் ஆகியிருந்தது. இவ்வளவும் பார்க்க எனக்கு ஆனது நான்கு நிமிடம். ஆகஸ்ட் 17ஆம் தேதி சாயங்காலம் அந்த வீட்டில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன், அப்போது இதைப் பார்த்திருக்கலாம்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அரசின் ஒப்பீடு பொய் சொல்லவில்லை. போக்குவரத்துத் துறையின் பதிவில் அவர்தான் அன்றைக்கும் உரிமையாளர். மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆவது பிரிவுப்படி விற்றவர் 14 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்திருக்க வேண்டும், இவர் தெரிவிக்கவில்லை. ஊரில் வண்டி விற்கிற யாரைக் கேட்டாலும் ஆர்.சி. புத்தகத்தைக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்றுதான் நினைக்கிறார்கள்.

மேல்முறையீடு: என்ன முடிவெடுத்தோம், ஏன்

செய்தி வந்த 30 நாளுக்குள் இ-சேவை மையம் வழியாக வருவாய்க் கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு செய்யலாம். எங்கள் முன்னால் மூன்று வழிகள் இருந்தன.

ஒன்று, முதலில் பெயரை மாற்றி முடித்துவிட்டு அப்புறம் மேல்முறையீட்டுக்குப் போவது. கணவர் இதைத்தான் விரும்பினார், கையில் ஆதாரம் இல்லாமல் எப்படிப் போய் நிற்பது என்றார். ஆனால் வாங்கியவர் யார், எங்கே இருக்கிறார் என்றே தெரியாது, 30 நாளில் முடிகிற வேலை இல்லை.

இரண்டாவது யோசனை வெளியிலிருந்து வந்தது. ஊரில் இந்த மாதிரி வேலைகளைப் பணத்துக்குச் செய்து கொடுக்கிற ஒருவர், கணவர் பேரைக் குடும்ப அட்டையிலிருந்து எடுத்துவிட்டால் வண்டியும் குடும்பத்தை விட்டுப் போய்விடும், 1500 ரூபாய் கொடுங்கள், முடித்துத் தருகிறேன் என்றிருக்கிறார். அந்த அம்மா என்னிடம் கேட்டார். வேண்டவே வேண்டாம் என்று சொன்னேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு பிரிந்திருப்பதாகக் காட்டுவது பொய். நேரில் விசாரிக்க வந்தால் அன்றைக்கே தெரிந்துவிடும். அது மட்டுமில்லை, பையனுடைய உதவித்தொகை, மருத்துவக் காப்பீடு எல்லாமே அந்த அட்டையைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கின்றன, 1000 ரூபாய்க்காக அவற்றை ஆட்டிப் பார்க்கக் கூடாது. அவர் இதை உடனே ஏற்றுக்கொண்டார் என்று சொல்ல முடியாது. இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. அவர் நிலையில் இருந்தால் நானும் அப்படித்தான் இருந்திருப்பேன்.

மூன்றாவது வழியை எடுத்தோம். கையில் இருப்பதை வைத்துக் கெடுவுக்குள் மேல்முறையீடு, அதே சமயம் வண்டியைத் தேடுவது.

இ-சேவை மையத்தில் தட்டச்சு செய்த மனுவைப் பார்த்தேன். "நாங்கள் மிகவும் ஏழ்மையான குடும்பம், மாற்றுத்திறனாளி மகனை வைத்துக்கொண்டு கஷ்டப்படுகிறோம், ஐயா அவர்கள் கருணை கூர்ந்து" என்று ஒரு பக்கம் போயிருந்தது. ஒவ்வொரு வார்த்தையும் உண்மை, ஆனால் நிராகரித்த காரணத்துக்கு அதில் ஒரு வரி பதில் கூட இல்லை. அதை எடுத்துவிட்டு இப்படி எழுதினோம்: இந்த எண்ணுள்ள வாகனம் இந்தத் தேதியில் விற்கப்பட்டது. அன்றிலிருந்து எங்கள் பயன்பாட்டில் இல்லை. விற்றபோது எழுதிய கடிதத்தின் நகல், கையெழுத்திட்ட படிவம் 29இன் செல்போன் படம், காலாவதியான இன்சூரன்ஸ் விவரம் இணைத்துள்ளோம். பெயர் மாற்றத்துக்கு நடவடிக்கை எடுத்துவருகிறோம். நேரில் கள ஆய்வு செய்து முடிவெடுக்கக் கேட்டுக்கொள்கிறோம். எட்டு வரி, அவ்வளவுதான். அக்டோபர் 5ஆம் தேதி பதிவானது.

இடையில் ஒரு நாள் வீணானதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது பலருக்கு நடக்கிறது. வருவாய்க் கோட்டாட்சியரையும் ஆர்.டி.ஓ. என்போம், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தையும் ஆர்.டி.ஓ. ஆபீஸ் என்போம். ஆர்.டி.ஓ.விடம் நேரில் போய்ச் சொல்லுங்கள் என்று நான் போனில் சொன்னேன், கணவர் அன்றைய கூலியை விட்டுவிட்டு மேல்முறையீட்டு நகலோடு போக்குவரத்து அலுவலகத்தில் போய் மதியம் வரை நின்றிருக்கிறார். இப்போதெல்லாம் "கோட்டாட்சியர் ஆபீஸ்" என்று முழுப் பெயரையும் இடத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

நவம்பர் 10ஆம் தேதி இரண்டாம் கட்டமாக, மேல்முறையீட்டில் தேறியவர்களுக்குப் பணம் கொடுக்கத் தொடங்கினார்கள். இவர் பெயர் அதில் இல்லை. அந்த மாதக் கடைசியில் பதில் வந்தது, காரணம் அதேதான். பதிவில் பெயர் மாறாதவரை முடிவு மாறாது என்பது அப்போதுதான் எங்களுக்கு முழுசாக உறைத்தது.

வண்டியைத் தேடிப் போனது

புரோக்கர் தொழிலையே விட்டிருந்தார். அவர் கொடுத்த போன் நம்பர் வண்டியை வாங்கியவருடையது, அந்த ஆளும் அதை வேறு ஒருவருக்கு விற்றிருந்தார், அங்கேயும் பெயர் மாறவில்லை. கடைசியில் பக்கத்து மாவட்டத்தில் ஒரு சந்தையில் ஆம்னியைக் கண்டுபிடித்தோம், இளநீர் ஏற்றிக்கொண்டிருந்தது. பின்னால் சீட் இல்லாத இடம் அப்படியே இருந்தது.

வைத்திருந்தவர் கெட்டவர் இல்லை. இன்சூரன்ஸ் போட வேண்டும், புகைச் சான்று எடுக்க வேண்டும், கட்டணம் வேறு, இருக்கிறபடி ஓடட்டுமே என்று விட்டிருக்கிறார். நாங்கள் சண்டை போடவில்லை. இன்சூரன்ஸ் இல்லாத இந்த வண்டி யார் மேலாவது மோதினால் இழப்பீடு கேட்டு நோட்டீஸ் போகப் போவது பதிவில் பெயர் இருக்கிற லோடுமேன் வீட்டுக்கு, வண்டியைப் போலீஸ் பிடித்தால் விடுவிக்கப் போய் நிற்க உங்கள் கையில் ஒரு தாள் இல்லை, இரண்டு பேருக்குமே ஆபத்து என்று எடுத்துச் சொன்னோம். பதிவில் உள்ளவரே பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பதையும் சொன்னேன். செலவில் ஒரு பங்கை இந்தக் குடும்பமே ஏற்றுக்கொள்ள வேண்டியிருந்தது, 2500 ரூபாய். எனக்கு அது வயிற்றெரிச்சலாகத்தான் இருந்தது, ஆனால் அவரை விட்டால் வேறு வழி இல்லை. 2024 பிப்ரவரியில் பெயர் மாறியது. பரிவாகனில் முதல் எழுத்து மாறியிருப்பதை அந்த அம்மாவிடம் காட்டினேன்.

பெயர் மாறிய பிறகும் காத்திருப்பு

இனி சுலபம் என்று நினைத்தேன். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் புதிய பதிவு நகலோடு மனு கொடுத்தோம். மேல்முறையீடு முடிந்துவிட்டது, புதிய விண்ணப்பம் வாங்கும்போது கொடுங்கள் என்று பதில் வந்தது. இன்னொரு தடவை கொடுத்தோம், அதே பதில். புதிய விண்ணப்பம் எப்போது வாங்குவார்கள் என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

அந்தக் காத்திருப்பு ஒன்றரை வருடம். அதில் எழுத அதிகம் இல்லை. அந்த அம்மா ஒவ்வொரு கூட்டத்துக்கும் வந்தார், ஒவ்வொரு தடவையும் "ஏதாவது வந்துச்சா அக்கா" என்று கேட்டார், நான் இல்லை என்றேன்.

2025

2025 ஜூலை 15ஆம் தேதி "உங்களுடன் ஸ்டாலின்" முகாம்கள் தொடங்கின. விடுபட்ட பெண்கள் உரிமைத் தொகைக்கு அங்கே விண்ணப்பிக்கலாம், 45 நாளுக்குள் தீர்வு என்றார்கள். எங்கள் பகுதி முகாம் ஆகஸ்டில். இந்த முறை போவதற்கு முன்னால் வீட்டிலுள்ள எல்லாருடைய ஆதாரையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். புதிய கரண்ட் பில் ஆறு. பழைய ஆம்னி நம்பர். கணவர் பேரில் வேறு வண்டி ஏதாவது உண்டா, அண்ணன் தம்பிக்காகக் கடனில் எடுத்துக் கொடுத்தது, ஜாமீன் போட்டது எல்லாம் கேட்டேன். ஒன்றும் இல்லை. பழைய நிராகரிப்புச் செய்தியையும் பெயர் மாறிய பதிவின் நகலையும் சேர்த்தே கொடுத்தோம், பழைய காரணத்தை மறைக்காமல் நாமே எடுத்துச் சொல்லிவிடுவது நல்லது என்று பட்டது. விசாரணைக்கு வந்தவர் பையனைப் பார்த்துவிட்டு ஐந்து நிமிடத்தில் எழுதிக்கொண்டு போனார்.

2025 டிசம்பரில் 1000 ரூபாய் ஏறியது. 2023 செப்டம்பரிலிருந்து 2025 நவம்பர் வரை எண்ணினால் 27 மாதம், 27,000 ரூபாய். அந்தப் பாக்கிக்கு வழி இல்லை, விண்ணப்பம் ஏற்கப்பட்ட பிறகுதான் பணம்.

இப்போது நான் வேறு மாதிரி செய்வது

வீட்டை நம் கண்ணால் பார்த்துத் தகுதி சொல்வதை நிறுத்திவிட்டேன். ஓட்டு வீடு, பஞ்சரான சைக்கிள் எல்லாம் எனக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்தது ஆதார் எண்ணும் அதோடு ஒட்டியிருக்கிற பதிவுகளும்தான். அதனால் எந்தத் திட்டமாக இருந்தாலும் பதிவு இந்தக் குடும்பத்தைப் பற்றி என்ன சொல்கிறது என்று முதலில் பார்க்கிறோம். விற்ற வண்டி, யாருக்காகவோ தன் பேரில் எடுத்த வண்டி, இரண்டு குடித்தனத்துக்கு ஒரே மீட்டர், கடனுக்காக யாரோ தாக்கல் செய்யச் சொல்லிச் செய்த வருமான வரிக் கணக்கு. கடைசியாகச் சொன்னது எங்கள் கூட்டத்திலேயே இன்னொரு குடும்பத்தில் வந்தது. வரி ஒரு ரூபாய் கட்டவில்லை, ஆனால் வங்கிக் கடனுக்காக வருமானத்தைக் கூட்டிக் காட்டியிருந்தார்கள்.

அரசிடமும் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு, அதிகாரிகள் யாராவது படித்தால் நல்லது. வாகனம் காரணம் என்றால் அந்த வாகன எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தையாவது செய்தியில் போடுங்கள். எந்த வண்டி என்று யோசிப்பதிலேயே பல குடும்பங்களுக்கு நாள் போய்விடுகிறது. அப்புறம், நடக்க முடியாத பிள்ளை இருக்கிற வீட்டில் ஒரு பழைய வேன் வசதியின் அடையாளம் இல்லை. இவர்கள் அந்த ஆம்னியை விற்காமல் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பையன் பிசியோதெரபிக்கு ஒழுங்காகப் போயிருப்பான், அம்மாவுக்கு இன்றைக்கும் பணம் வந்திருக்காது. விற்ற பிறகு அவன் வாரம் இரண்டு நாள் போனது மாதம் இரண்டு நாளாகி, கால் இன்னும் இறுகிவிட்டது.

இன்னும் முடியாதவை

இந்த 1000 ரூபாய் குடும்பத் தலைவி என்பதற்காக வருவது, பராமரிப்பவர் என்பதற்காக அல்ல. அதிக உதவி தேவைப்படுகிறவர்களுக்குப் பராமரிப்பாளர் படி தர வேண்டும் என்று 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 24ஆவது பிரிவு சொல்கிறது. நம் மாநிலத்திலும் உதவியாளருக்கு மாதம் 1000 ரூபாய் தருகிற திட்டம் இருக்கிறது. அதற்கும் தனியாக மனு கொடுத்திருக்கிறோம்.

பையனுக்கு 18 முடிந்துவிட்டதால் இன்னொரு வேலையும் சேர்ந்துகொண்டது. அவன் கணக்கை இதுவரை இயக்கிய அம்மாவிடம், இனி சட்டப்படியான பாதுகாவலர் சான்று வேண்டும் என்று வங்கியில் கேட்டிருக்கிறார்கள். அது 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி, ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவில் வாங்க வேண்டியது. 18 ஆவதற்கு முன்பே தாள்களைத் தயார் செய்திருக்கலாம், உரிமைத் தொகைக்கு அலைந்ததில் அது எனக்குத் தோன்றவே இல்லை. 16, 17 வயதில் பிள்ளை இருக்கிற பெற்றோர் மூன்று பேரின் பெயரை இப்போது நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். வருகிற மாதக் கூட்டத்துக்கு அவர்கள் பிறப்புச் சான்றும் மருத்துவச் சான்றும் எடுத்துக்கொண்டு வருகிறார்கள்.